மூலை இல்லாத தொட்டி

கல்யாணத்துக்கு முன்னால் டைல்ஸ்காரன் அவளிடம் பொய் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் மீன் வளர்க்கிறேன் என்றுதான் சொன்னான். அந்த மீன்கள் கை நீளத்துக்கு இரண்டு சுறாக்கள் என்பதையும், அவற்றின் தொட்டி கூடத்தில் பாதியை விழுங்கிவிட்டது என்பதையும் மட்டும் விட்டுவிட்டான். சொல்லியிருந்தால் எவள் கழுத்தை நீட்டியிருப்பாள்?

புது மனைவி அலறவில்லை. இடுப்பு உயரத் தொட்டியைச் சுற்றிவந்து, சோபாவை எங்கே போடுவது என்று மட்டும் கேட்டாள். அவன் ஜன்னலோரத்தைக் காட்டி, ஒரு நாற்காலி போடலாம் என்றான்.

அவளுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. கர்ப்பிணிகளின் வயிற்றில் இருப்பதைத் திரையில் பார்ப்பாள். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது, சொல்வது டாக்டரின் பொறுப்பு. வருஷக்கணக்காக முகத்தைக் கட்டிப்போட்டுப் பழகியதில் வீட்டிலும் அதே முகம்தான். சமையலில் உப்பு கூடினாலும் அந்த முகம், வளையல் வாங்கித் தந்தாலும் அந்த முகம். எந்தத் தரையிலும் மட்டம் பார்த்துவிடுகிறவனுக்கு மனைவியின் மனசு மட்டும் பிடிபடவே இல்லை.

தொட்டியை அவனே கட்டினான். மூலை இருந்தால் சுறா மூக்கை இடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் என்று சுவரை வளைத்து வளைத்து இழைத்திருந்தான். தனியாக இருந்த காலத்தில் வேலை விட்டு வந்ததும் அவற்றோடுதான் பேச்சு. கிடுக்கியில் கணவாய்த் துண்டை நீட்டினால் இரண்டும் ஓரமாக வந்து தலையைத் தூக்கும். அன்றைய அலுப்பெல்லாம் அதோடு போய்விடும்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள். "நாள் முழுக்க இருட்டுல அசையுறதையே பாத்துட்டு வரேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் ஏதோ அசையுது. எனக்கு முடியலங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்து சுறாக்களை எடுத்துக்கொள்ளும்படி அவன் வண்ணமீன் கடைக்காரரிடம் சொல்லிவிட்டான். சுறாக்கள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தான். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஞாயிறு காலை பாதித் தண்ணீரை இறைத்தபோது, கல்லுக்கடியில் பழுப்பாக, தோல் பை மாதிரி ஒரு முட்டை ஒட்டிக்கிடந்தது. பெண் சுறா முன்பும் முட்டை இட்டிருக்கிறது. எல்லாம் வெறும் கூடு. இதையும் குப்பையில் போடக் கையை விட்டான்.

அது என்ன என்று பின்னாலிருந்து அவள் கேட்டாள். கூமுட்டை என்றான்.

"பாக்காம எப்படிச் சொல்றீங்க?"

ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைக்கச் சொன்னாள். தொட்டிப் பக்கமே வராதவள் கையை முழங்கை வரை உள்ளே விட்டு முட்டையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் புகாத டார்ச்சை அதன் பின்னால் பிடிக்கச் சொன்னாள். கொஞ்சம் சாய்க்கச் சொன்னாள். ஒரு சுறா அவள் கையை உரசிக்கொண்டு போனது. அவள் கையை எடுக்கவில்லை. அதே முகம்.

அங்கே சொல்வதற்கு டாக்டர் யாரும் இல்லை. அது அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"இருக்கு," என்றாள். "பயப்படாதீங்க. நல்லா அசையுது. வாலைப் பாருங்க."

வாலை அவன் அப்புறம்தான் பார்த்தான். முதலில் அவளைப் பார்த்தான். எத்தனை தாய்மார்களிடம் சொல்ல முடியாமல் விழுங்கிய வார்த்தையோ, சொன்ன மாத்திரத்தில் கட்டெல்லாம் அவிழ்ந்து அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து அவன் காத்திருந்த முகம் அது.

வாசல் மணி அடித்தது. கடைக்காரர் பெரிய டப்பாவோடு நின்றார். ஈரம் சொட்டும் கையோடு போய்க் கதவைத் திறந்தவள், இந்த நிலைமையில் இடத்தை மாற்றவே கூடாது என்று டாக்டர் தோரணையில் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினாள்.

அப்படியானால் இந்த வீட்டில் சோபா... என்று அவன் இழுத்தான்.

அவள் ஜன்னலோரத்துக்குப் போய் நாற்காலியைத் தள்ளி வைத்தாள். "குட்டிய பெருசுங்களோட விட முடியாதுல்ல. இந்த இடத்த அளந்துக்கோங்க," என்றாள். "இதுக்கும் மூலை வேணாம்."