ரூமிய்யா மூச்சு விடுவதில்லை

ஜூலை மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, துனீசியாவின் கஸர் ஹெலாலில் இருந்த அந்தத் தையல் தொழிற்சாலையின் சாம்பிள் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைமாட்டில், ஏ.சி.யின் காற்று நேராகப் படும் இடத்தில், முதலாளி ஃபவ்ஸி. அவருக்கு வலப்பக்கம் அவருடைய மைத்துனன் அனீஸ். வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசுவது அவன் வேலை. எதிரே கட்டிங் மாஸ்டர் ஹாத்திம், காதில் செருகிய சாக்பீஸை எடுக்காமலே வந்து உட்கார்ந்திருந்தார். கதவோரம் முக்காலியில் தையல் லைன்களின் மேற்பார்வையாளர் ரஃபீக்கா, கழுத்து வரை பொத்தான் போட்ட நீல மேலங்கியோடு. பேட்டர்ன் போடுகிற வசீலாவுக்கு நாற்காலி இல்லை. அவள் ஒரு துணி உருளைமேல் உட்கார்ந்திருந்தாள்.

ஆறாவதாக ஒருத்தியும் இருந்தாள். ஜன்னலோரம் இரும்புக் காலில் நின்ற பொம்மை. மூடிப்போன ஒரு பிரெஞ்சுக்காரக் கம்பெனியிலிருந்து வந்தது. பெண்கள் அதை ரூமிய்யா, அதாவது வெள்ளைக்காரி, என்று கூப்பிட்டார்கள். தலையில்லை, கையில்லை. துணி சுற்றிய மரமார்பு மட்டும் எப்போதும் எடுப்பாக இருந்தது.

மேசைமேல் நான்கு அட்டைப்பெட்டிகள். பிரான்ஸின் லியோனிலிருந்து திரும்பி வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே மேற்சட்டைதான். பிரா இல்லாமலே சௌகரியமாகப் போடலாம் என்று அட்டை தொங்கவிட்டு விற்ற சட்டை. வாங்கிய பெண்கள் எழுதியதை அனீஸ் வாசித்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“‘பஸ்ஸுக்கு ஓடினேன், மானம் போச்சு’ன்னு ஒருத்தி எழுதியிருக்கா. ‘இது வெறும் பனியன், இதுக்கு ஒரு அட்டை வேறயா’ன்னு இன்னொருத்தி. இப்படியே போகுது.”

“போதும்டா,” என்றார் ஃபவ்ஸி. ஒரு தாளை மேசைமேல் தள்ளினார். “வசீலா, இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

அவள் எழுந்து வந்து வாசித்தாள். தட்டச்சு செய்த மூன்றே வரிகள். பேட்டர்னில் நேர்ந்த பிழைக்கு நானே பொறுப்பு. இப்படிப்பட்ட சட்டை தாங்கும் என்று நான் நினைத்தது தவறு. கீழே அவள் முழுப் பெயர்.

“போட்டுட்டு பேக்கிங் பக்கம் போயிடு. வேலை போகாது. நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. லியோன்காரங்க வேற ஆர்டர் தருவாங்க. இந்த மாதிரி சட்டையே வேணாம்னு முடிச்சிடலாம்.”

வசீலாவின் காதுமடல் இரண்டும் சுட்டன. பேக்கிங்கைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ‘நினைத்தது தவறு’ என்ற அந்த இரண்டாவது வரிதான் நெஞ்சில் குத்தியது.

அவள் எதையும் சும்மா நினைத்துவிடவில்லை. பத்தொன்பது வருஷம் இந்தக் கட்டடத்தில் இருந்தவள். சாயங்காலம் சங்கு ஊதியதும் உடைமாற்றும் அறையில் நூற்றிருபது பெண்கள் முதலில் செய்கிற காரியம் என்னவென்று அவளுக்குத் தெரியும். கையை முதுகுக்குக் கொண்டுபோய்க் கொக்கியைக் கழற்றி, ‘யா லதீஃப்’, கருணையுள்ள இறைவா, என்று ஒரு பெருமூச்சு. கழற்றியதைச் சுருட்டிப் பையின் அடியில் திணிப்பார்கள். தோளில் வரி வரியாகப் பள்ளம். எலாஸ்டிக் இருந்த இடத்தில் வேர்க்குரு வெடித்துச் சிவந்திருக்கும். ரஃபீக்காவின் இடது தோளில் விழுந்த பள்ளத்தில் ஒரு பென்சிலைப் படுக்கவைக்கலாம். ஒருநாள் வைத்தும் பார்த்தார்கள். பென்சில் விழவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், வசீலாவும் சிரித்தாள், அப்புறம் ராத்திரியெல்லாம் அந்தச் சிரிப்பு அவளைப் பிடித்து ஆட்டியது.

மறுவாரமே ஆரம்பித்துவிட்டாள். சாப்பாட்டு இடைவேளையில், நூல் வைக்கிற அறைக்குள், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு இருபத்து மூன்று பேரை அளந்தாள். நிற்கவைத்து, குனியவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, அந்த இடத்திலேயே குதிக்கச் சொல்லி. ஒல்லி, பருமன், பால் கொடுக்கிறவள், ஒரு பக்கம் அறுவை செய்துகொண்டவள். எல்லாம் நோட்டில் பெயரோடு, தேதியோடு இருந்தது. பதினோரு சாம்பிள் தைத்துப் பத்தைப் பிரித்துப் போட்டாள்.

கடைசியில் வந்தது இதுதான். வெளியே சாதாரண மேற்சட்டை. மேற்பட்டியில் சுருக்கம் வைத்து முன்பக்கம் தளர விட்டது, அதனால் எதுவும் துருத்தித் தெரியாது. உள்ளே தனியாக ஒரு முன்பாகம், இரண்டு மடிப்புப் பருத்தி, கீழ்நோக்கி இழுபடாதபடி திருப்பி வெட்டியது. பக்கவாட்டில் கைக்குழி வரை வளைந்து ஏறும் துண்டு. அடியில் நாலு விரல் அகலத்துக்கு மெத்தென்ற பட்டை, பிடிக்காது, தாங்கும். தோள் அகலம். கம்பி கிடையாது, கொக்கி கிடையாது.

மார்ச் மாதம் இதே அறையில், இதே நாற்காலிகளில் இவர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அந்தத் தொழிற்சாலையில் எந்தச் சட்டையையும் ஒரு பெண்ணின் உடம்பில் போட்டு ஆண்கள் பார்த்ததில்லை. அது மரியாதையில்லை. ரூமிய்யாவுக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அன்றும் போட்டார்கள். அனீஸ் சுற்றி வந்து பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் தையல்கோடு படத்தில் தெரிகிறது என்றான். உள்பாகத்தைக் கழற்றிவிட்டுப் போட்டார்கள். வழுவழுவென்று நின்றது. “பாருங்க, அது இல்லாமலே எப்படி நிக்குது!” என்றார் ஃபவ்ஸி. லியோனுக்கு அனுப்பிய சாம்பிளும் அதுதான்.

அன்றைக்கு வசீலா சொன்னது ஒரே ஒரு வாக்கியம். “அது வேணும், முதலாளி.” ஏன் வேணும் என்று அவர் கேட்டார். ஏன் என்று சொல்ல ஒரு வார்த்தை வேண்டும். மூன்று ஆண்களுக்கு முன்னால் அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள்மேல் இருந்த கோபத்தைவிட, நாலு மாதமாக அந்தக் குனிந்த தலைமேல் இருந்த கோபம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

“பேட்டர்ன்ல என்ன பிழை, முதலாளி?” என்றாள் இப்போது.

“பிழை இருக்கப்போய்தானே திரும்பி வந்திருக்கு?”

“நான் போட்டதுல உள்ளே ஒரு முன்பாகம் இருந்துச்சு. ஹாத்திம், இருந்துச்சா இல்லையா?”

ஹாத்திம் சாக்பீஸை ஒரு காதிலிருந்து எடுத்து மறு காதில் வைத்தார். “இருந்துச்சு. வேணாம்னாங்க, விட்டுட்டேன். நான் கத்திரிக்கோல், வசீலா. சொன்ன எடத்துல வெட்டுவேன்.”

“அக்கா, அது ஒரு துண்டுத் துணி,” என்றான் அனீஸ். “ஒரு துண்டுத் துணிக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அது எதுக்குன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன். மாருக்கு.”

அனீஸ் கைப்பேசியை எடுத்தான். ஹாத்திம் அண்ணாந்து ஏ.சி.யைப் பார்த்தார்.

“மாரு, முதலாளி. பொம்பளைங்க மாரு. அது நடக்கும்போது அசையும். குனிஞ்சா தொங்கும். வேர்க்கும். மாசத்துல நாலு நாள் தொட்டாலே வலிக்கும். அதைத் தாங்கத்தான் அந்தத் துண்டு.”

“வாயக் கழுவு!” ஃபவ்ஸியின் உள்ளங்கை மேசையில் அறைந்தது. தேநீர்க் குவளை துள்ளியது. “ஆம்பளைங்க இருக்கோம்னு கூட இல்லாம!”

“வருஷம் முழுக்க அதுக்குத்தானே தைக்கிறோம்? அளக்கலாம், வெட்டலாம், தைக்கலாம், பெட்டி பெட்டியா அனுப்பலாம். பேர் மட்டும் சொல்லக் கூடாதா?”

அவள் ஜன்னலோரம் போனாள். பெட்டியிலிருந்து ஒரு சட்டையை உருவிப் பொம்மைக்கு மாட்டினாள். இரும்புக் காலைப் பிடித்து ஆட்டினாள். டங் டங்கென்று தரை அதிர்ந்தது.

“நல்லாப் பாருங்க. அசையுதா? அசையாது. இவ மூச்சு விடுறதில்ல. இவளுக்கு வேர்க்காது. பஸ்ஸுக்கு ஓட மாட்டா. புள்ள பெத்தவ இல்ல. மரத்துக்கு எதுக்குத் தாங்கல்? இவகிட்ட கேட்டு முடிவு பண்ணீங்க. நான் இருபத்தி மூணு பேர்கிட்ட கேட்டு வச்சிருந்தேன். என்னைப் பார்த்து நினைச்சது தவறுன்னு எழுதுறீங்களே, உங்களுக்கு...” சொல்ல வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். பெரிய வார்த்தை.

“இருபத்தி மூணு பேர்!” அனீஸ் சிரித்தான். “போட்டுப் பார்த்தது யாரு? நோட்டுப் புத்தகமா?”

“நான் போட்டிருக்கேன்,” என்றது கதவோரத்து முக்காலி.

எல்லாரும் திரும்பினார்கள். ரஃபீக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. முதலாளியின் தகப்பனார் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

“எதைப் போட்டிருக்கே?” என்றார் ஃபவ்ஸி.

“இவ தச்ச பதினோராவது சாம்பிள. உள்பாகம் வச்சது. டிசம்பர்லேருந்து.”

“சரி, எங்கே அது?”

“அதான் சொல்றேனே. போட்டிருக்கேன்.”

ஃபவ்ஸியின் பார்வை அவளுடைய நீல மேலங்கிமேல் ஒரு நொடி விழுந்து, சுட்டதுபோல் விலகி, மேசையிலிருந்த தாளில் போய்ப் பதுங்கியது. அவர் கழுத்து சிவந்தது.

“ஏழு மாசமா பிரா போடல,” ரஃபீக்கா நிறுத்தவில்லை. “இந்த லைனுக்கும் அந்த லைனுக்கும் நாள் பூரா ஓடுறேன். உங்க கண்ணு முன்னாலதான் ஓடுறேன். யாருக்காவது தெரிஞ்சுதா? ஹாத்திம், உனக்குத் தெரிஞ்சுதா?”

“வல்லாஹி, அல்லாமேல ஆணையா நான் பாக்கவே இல்ல!” ஹாத்திம் பதறிப்போய் எழுந்தார். நாற்காலி கவிழ்ந்தது.

“அதைத்தாண்டா சொல்றேன். பாக்குற மாதிரி ஒண்ணும் இல்ல. அதுதான் அந்தச் சட்டை.”

வசீலாவுக்கு ஒரு கணம் நடந்ததெல்லாம் போதும் என்று தோன்றியது. யாராவது ஒருத்தர் ‘தப்பு நம்மமேலதான்’ என்று சொன்னால் தீர்ந்தது. ஃபவ்ஸி தாளை நேராக வைத்தார், ஓரங்களைச் சரி செய்தார், பேனாவை அதன்மேல் குறுக்காக வைத்தார்.

“லியோன்ல போய் நாங்கதான் பிரிச்சோம்னு சொல்ல முடியாது. கம்பெனி மானம்னு ஒண்ணு இருக்கு. பன்னெண்டு மணிக்குள்ள கையெழுத்து வரணும். இல்லன்னா திங்கக்கிழமையிலேருந்து வர வேணாம். ரஃபீக்கா, நீ உன் லைனுக்குப் போ. இந்த அறையில பேசினது எதுவும் வெளிய போகக் கூடாது.”

“கம்பெனி மானம் என் பேர்ல நிக்கணுமா?” என்றாள் வசீலா. பேனா மேசையிலேயே கிடந்தது. தாளை மட்டும் எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். போகிற போக்கில் ரூமிய்யாமேல் இருந்த சட்டையை உருவிப் பெட்டிக்குள் எறிந்தாள்.

நூல் அறையில் ரஃபீக்கா தாழ் போட்டுவிட்டு, திரும்பி நின்று மேலங்கிப் பொத்தான்களைக் கழற்றினாள்.

“என்னக்கா பண்றே?”

“நீ லியோன்ல டிசைன் பாக்குறவளுக்கு எழுதப் போறே. உன் மூஞ்சியிலயே தெரியுது. வெறும் கடுதாசிய வச்சு அவ என்ன பண்ணுவா? இத அனுப்பு.” சட்டையைக் கழற்றி நீட்டினாள். கழுத்தோரம் வெளுத்திருந்தது, உள்பாகத்தின் தையல் ஓரிடத்திலும் விட்டிருக்கவில்லை. “துவைச்சு அனுப்புடி. இல்லன்னா லியோன்காரி மூக்கப் பிடிச்சுக்குவா.”

“நீ வீட்டுக்கு எப்படிப் போவே?”

“கையக் கட்டிக்கிட்டுப் போறேன். அனீஸ் என்னைப் பார்த்தா அவன்தான் கண்ண மூடிக்கணும்.” சிரிக்கத்தான் பார்த்தாள். மேலங்கிப் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டாள். “வசீலா, அந்தத் தாள்ல நீ கையெழுத்துப் போட்டா, நான் திரும்பவும் அந்தக் கொக்கிய மாட்டணும்டி. அத நெனச்சுக்க.”

பன்னிரண்டு அடித்தபோது வசீலா வீட்டு மொட்டைமாடியில் இருந்தாள். சோப்பு போட்டு அலசிய சட்டையைக் கொடியில் போட்டாள். ஜூலை வெயிலுக்கு முக்கால் மணி நேரம் போதுமாக இருந்தது. அதற்குள் கைப்பேசி மூன்று தரம் அடித்து ஓய்ந்தது. பார்த்தாள், மூன்றும் அனீஸ். இஸ்திரி போடவில்லை. போட்டிருந்த உடம்பின் வளைவு அதில் கொஞ்சம் மிச்சமிருந்தது, அது அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு எழுத உட்கார்ந்தாள். முகவரியைக் காலையில் பெட்டியின் மேலேயே பார்த்து வைத்திருந்தாள்: வடிவமைப்புப் பிரிவு, திருமதி ஏலென். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த முறை அவளுக்கு மறக்கவில்லை. முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள். அதன்பிறகு நடந்தது, நடந்த வரிசையில். கடைசியில் என்ன வேண்டும். பிரெஞ்சு வார்த்தை கிடைக்காத இடத்தில் படம் போட்டாள். கோபம் கையெழுத்தில் ஏறி எழுத்து பெருத்தபோதெல்லாம் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். நான்காவது தாள் நின்றது. அதன் கடைசிப் பத்தி:

“இத்துடன் மூன்று பொருள்கள் இணைத்துள்ளேன். ஒன்று, நான் கையெழுத்திடாத தாள். இரண்டு, இருபத்து மூன்று பெண்களின் அளவுக் குறிப்பின் நகல். அவர்கள் பெயர்களை மட்டும் நீக்கியிருக்கிறேன். மூன்று, என் சட்டை. ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் ஏழு மாதம் அணிந்து உழைத்தது. எனக்கு உங்களிடமிருந்து வேலை வேண்டாம், இரக்கமும் வேண்டாம். இதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பொம்மைக்குப் போடாதீர்கள். நீங்களே போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள். அதன்பிறகு, நான் நினைத்தது தவறா என்று எழுதுங்கள்.”

வெள்ளிக்கிழமை காலை அஞ்சல் நிலையத்தில் அவளுக்கு முன்னால் ஆறு பேர், பின்னால் காய்கறிக் கூடையோடு ஒருத்தி. குமாஸ்தா சுங்கச் சீட்டை எடுத்தார்.

“உள்ளே என்ன?”

“மேற்சட்டை ஒண்ணு. கடுதாசி.”

“புதுசா?”

“ஏழு மாசம் போட்டது.”

“பழந்துணியவா பதிவுத் தபால்ல அனுப்புறீங்க? பிரான்ஸ்ல துணிக்குப் பஞ்சமா? எதுக்கான சட்டைன்னு ஒரு வரி எழுதணும். என்னன்னு போட?”

பழைய வழக்கம், வசீலாவின் தலை தானாகக் குனியப் பார்த்தது. நிமிர்த்திக்கொண்டாள்.

“பிரா இல்லாம மாரைத் தாங்குற சட்டை. அப்படியே எழுதுங்க.”

குமாஸ்தாவின் பேனா காற்றில் நின்றது. வரிசையில் யாரோ இருமினார்கள். பின்னால் நின்றவள் கூடையைத் தரையில் வைத்தாள்.

“அது எங்கம்மா கிடைக்குது?” என்றாள்.

“இன்னும் எங்கயும் கிடைக்கல,” என்றாள் வசீலா, திரும்பாமலே. “எழுதுங்க, ஐயா. நான் நிக்கிறேன்.”

அவர் எழுதினார். உறையின் வாயில் பசை தடவி வசீலாவே அழுத்தி ஒட்டினாள், ஓரத்திலிருந்து ஓரம் வரை, இரண்டு தரம். முத்திரை இரண்டு இடத்தில் விழுந்தது. உறை அவர் தோளுக்கு மேலாகப் பறந்து, வெளிநாட்டுச் சாக்குக்குள் போய் விழுந்தது.