பகல் தூக்க அறையில் ஒரு பியானோ

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஓசூர் எல்லையில், ஜூஜுவாடி டிராபிக்கில் என் பைக்குக்கு முன்னால் வந்து நின்றது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு குட்டியானை வண்டி; அதில் ஜமுக்காளம் போர்த்தி, கயிறு போட்டுக் கட்டிய ஒரு பியானோ. அட, ஓசூரில் இதை யார் வீட்டில், எந்த மூலையில் வைப்பார்கள்? சிக்னல் விழுந்தது, வண்டி போய்விட்டது. கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

2

முதல் தொடக்கம்: "இசை என்பது அந்த வீட்டில்…" வேண்டாம். கல்யாணப் பத்திரிகை வாடை அடிக்கிறது.

இரண்டாவது: பூங்கொடி வாசற்கதவைக் கழற்றச் சொன்னாள்.

இது பரவாயில்லை. பூங்கொடி உத்தனப்பள்ளிக்காரி. சிப்காட்டில் வேலை பார்த்த அண்ணாதுரையைக் கட்டிக்கொண்டு ஓசூர் வந்தவள். போன ஆடியில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். மகள் லாவண்யா பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். பியானோ அவள் ஆசை ஆசையாய் வாங்கியது.

3

"வெயில் படக்கூடாதும்மா. காத்து, ஆவி எதுவும் ஆகாது."

"அப்போ ஹால் வேணாம். சாயங்காலம் நேரா மூஞ்சில அடிக்கும்."

"சமையல்கட்டுச் சுவரு?"

"குக்கர் ஆவி பூரா அங்கதான் போவும்."

மிச்சம் நடு அறை. ஜன்னல் கண்ணாடி முழுக்க காக்கித் தாள் ஒட்டிய அறை. பியானோவுக்கென்றே கட்டியதுபோல இருட்டு, குளுமை. அம்மா, மகள் இரண்டு பேருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

(இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நைட் ஷிஃப்ட் வீடுகளில் பகல்தான் ராத்திரி. அண்ணாதுரை அந்த அறையில் தூங்கும்போது குக்கர் விசில் அடிக்காது, டிவி ஊமைப்படம் காட்டும். தளி ரோட்டு டீச்சரிடம் பியானோ படித்த சிறுமி லாவண்யா, ஹால் தரையில் சாக்பீஸால் அதன் கட்டைகளை வரைந்து, சத்தமில்லாமல் விரலோட்டிப் பழகினாள். மூன்று மணிக்கு எழுந்துவரும் அப்பா அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடப்பார். எத்தனை அழகான வீடு அது! எழுதும்போது எனக்கே ஏக்கமாக இருக்கிறது.)

லாவண்யாவை மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "அப்பா ரூம்ல வெக்கலாமா?" என்று கேட்டால் தீர்ந்தது. கேட்கமாட்டேன் என்கிறாள். அப்பாவின் கட்டிலை நகர்த்தினால் அம்மா என்ன ஆவாள் என்று பயம். அடித்து எழுதிப் பார்த்தேன். அவள் மசியவில்லை.

4

"எங்கம்மா எறக்கறது? பேகா, சீக்கிரம் சொல்லுங்க, தோளு போச்சு!" வண்டிக்காரர் வெங்கடப்பன் அவசரத்தில் பாதி கன்னடத்துக்குத் தாவுவார். ஆட்கள் நடு அறை வாசலிலேயே பாரத்தை இறக்கிவிட்டார்கள். உடையவில்லையே என்று பார்க்க, அவர் மூடியைத் திறந்து ஒரு கட்டையை ஓங்கி அழுத்தினார்.

வீடே அதிர்ந்தது.

"ஷ்ஷ்! சத்தம் போடாதீங்க, அவரு தூங்கறாரு!"

சொன்னது பூங்கொடி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வெங்கடப்பன் கையை எடுத்துக்கொண்டு லாவண்யாவைப் பார்த்தார். லாவண்யா தரையைப் பார்த்தாள்.

5

முடிவு, ஒன்று: தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுது… சீச்சீ.

இரண்டு: பியானோ திரும்பிப் போகிறது. எழுத மனசு வரவில்லை.

மூன்று: பூங்கொடி அறைக்குள் போகிறாள். கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறாள். அவரை அவள் ஒருநாளும் கூப்பிட்டு எழுப்பியதில்லை; கால் கட்டைவிரலை மெல்ல அழுத்துவாள், அவ்வளவுதான். இப்போது அங்கே மெத்தையை ஒரு விரலால் தொட்டுப் பார்க்கிறாள்.

"கண்ணு, கட்டிலைப் பிரிச்சிடலாம்."

"அம்மா…"

"அவரு தூங்கினது போதும். நீ வாசிச்சு அவரு ஒருநாளாச்சும் கேட்டாரா?"

பிறகு அவள் பியானோ முன்னால் வந்து நின்று, அதே விரலை ஒரு கட்டைமேல் வைக்கிறாள். வைத்தபடியே நிற்கிறாள். அழுத்துவாளா? எனக்குத் தெரியாது. என் காகிதத்தில் சத்தம் கிடையாது.

உங்களிடம் இருக்கிறது. பக்கத்தில் யாரும் பகலில் தூங்கவில்லையென்றால், இந்தக் கடைசி வரியை மட்டும் அவளுக்காக வாய்விட்டுப் படியுங்கள்.

"எந்திரிங்க. மணி மூணாச்சு. பாப்பா வாசிக்கப் போறா."