வாயார ஒரு வேளை

கீரைக் காம்பிலிருந்து இலைகளை உருவிக்கொண்டிருந்தவள், உள்ளே கட்டில் கிறீச்சிட்டதும் எழுந்து போனாள். கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. வியாதிக்குக் கொடுத்த மருந்தில் வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் பட்டாலே துடித்தார். பல நாட்களாக வீட்டில் அவளுடைய தையல் மிஷின் சத்தம் மட்டும்தான்.

கீரை கொண்டுவருவது பணிமனை மெக்கானிக். எல்லோருக்கும் அவர் ‘ஸ்பேனர்’. ஓடாத பேருந்துகளுக்கு நடுவே தானாக முளைத்துக் கிடந்த மணத்தக்காளியைப் பறித்து, பச்சைக் காய்களை ஒதுக்கிவிட்டு, வாசலிலேயே நின்று நீட்டுவார்.

“வாய்ப்புண்ணுக்கு எங்க வீட்ல இதான் அண்ணி. மிளகாய் மட்டும் போட்றாதீங்க.”

“உள்ள வாங்க தம்பி.”

“வேணாம் அண்ணி. அவரு பேசாம கெடக்குறத என்னால பாக்க முடியாது.”

ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, கீரை அவித்த தண்ணீரை ஆறவைத்துக் கொப்பளிக்கக் கொடுத்துவந்தாள். புண் கொஞ்சம் அடங்கியிருந்தது. அன்று மத்தியானம் கீரையை மசித்து, குழைந்த சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து ஊட்டினாள். முதல் வாய்க்கு முகம் சுளித்தார். விழுங்கினார். அடுத்த வாய்க்குத் தானாகவே வாயைத் திறந்தார்.

“என்னங்க, எரியுதா?”

“உப்புப் பத்தல.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “எந்திரிக்க முடியல, நாக்கு மட்டும் கேக்குதாக்கும்!”

“இன்னும் கொஞ்சம் வை.”

தட்டு காலியானது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பேசினார். பேசியபடியே அசந்து தூங்கிப்போனார். மாலையில் அந்தத் தூக்கத்திலேயே மூச்சு நின்றது.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள்.

“ஒரு வாய் சோறுகூட எறங்காமப் போயிட்டியே அண்ணா!” என்று நாத்தனார் அழுதாள்.

ஸ்பேனர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“ஏதாச்சும் சாப்ட்டாரா அண்ணி?”

“வாயாரச் சாப்ட்டாரு தம்பி. கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு. பேசுனாரு, நல்லாப் பேசுனாரு. ‘கீரையில டீசல் வாசம் அடிக்குதே, ஸ்பேனர் பறிச்சானா’ன்னு கேட்டாரு.”

ஸ்பேனர் தன் வலது கையை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே வைத்துக்கொண்டார். தலைமாட்டிலிருந்த நாற்காலியை அவள் அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.