துரை பங்களாவின் சின்னக் கதவு

"அம்மா, இந்தச் சின்னக் கதவால ஆர் வாறது?" என்று ஏழு வயதில் ஜெனீற்றா கேட்டாள்.

ஊர்காவற்றுறைக் கடலோரத்தில், சுங்கத்தைக் கவனிக்க வந்த ஆங்கிலேயத் துரை ஒருவர் கட்டிய பங்களா அது. துரைமார் போனபின், தென்னிலங்கையில் கடை வைத்திருந்த செல்வரத்தினம் முதலாளி அதை வாங்கினார். ஜெனீற்றாவின் தாய்க்கு அங்கே குசினி வேலை. வடக்குச் சுவரில், மலகூடத்துக்குப் பின்னால், பெரிய ஆள் குனிந்துதான் நுழையக்கூடிய அந்தக் கதவு இருந்தது.

"ஒருத்தரும் வாறேல்லை. அங்கால போகாதை," என்றாள் தாய்.

ஆனால் நாளும் விடியற்காலையில் ஒருவர் வந்தார். மலவாளியைத் தூக்கிக்கொண்டு அதே வழியால் போனார். வீட்டில் ஒருவரும் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. கோயிலில் முதன்முதல் புதுநன்மை வாங்கியபோது கிடைத்த செபமாலை ஒரு நாள் மலகூடத்தில் ஜெனீற்றாவின் கழுத்திலிருந்து அறுந்து அந்த வாளிக்குள் விழுந்தது. அவள் அழுத அழுகை வெளியே நின்ற அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் கதவுத் தாழ்ப்பாளில் ஒரு பூவரசம் இலைப் பொதி தொங்கியது. உள்ளே செபமாலை. மணி மணியாகக் கடலில் கழுவியிருந்தார், உப்பு மணந்தது.

தாய் அதைக் குறட்டால் தூக்கினாள். "சாமியார் மந்திரிச்சதை எறியக் கூடாது," என்று சொல்லி அடுப்புக்குள் போட்டாள்.

அடுத்த நாள் அவர் சிறுமியின் வெறுங்கழுத்தைப் பார்த்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவருடைய பெயர் வல்லிபுரம் என்பது, அவர் செத்த பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது.

இப்போது ஜெனீற்றாவுக்கு ஐம்பது கடந்துவிட்டது. பங்களாவைப் பராமரிக்கிறவள் அவள்தான். உப்புக்காற்று தின்ற சன்னல் கம்பிகளில் கறள் சுரண்டுவாள். கறையான் ஏறிய கூரை வளைகளுக்கு மண்ணெண்ணெய் பூசுவாள். கூரைக்குள் குவிந்த வௌவால் எச்சத்தை, மூக்கைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு அள்ளுவாள். முதலாளியின் பேரன் கீர்த்திகன் லண்டனிலிருந்து வந்து அதை விருந்தினர் விடுதியாக மாற்றியிருந்தான். வாசலில் வீட்டுச் சரித்திரம் சொல்லும் பலகை. துரையின் குடும்பப் பெருமை, துரைசாணியின் பியானோ, அதன்கீழே இப்படி: "வடக்குச் சின்னக் கதவு, துரைசாணி தன் ரோசாத் தோட்டத்துக்குப் போய்வந்த வழி."

அந்த உவர் மண்ணில் கீரையே முளைக்காது. பலகையைத் துடைக்கும்போது ஜெனீற்றா அந்த வரியை மட்டும் துடைக்காமல் விடுவாள். வௌவால் எச்சம் அள்ளும் கைக்கு அதைத் தொட அருவருத்தது.

"தம்பி, அதால துரைசாணி போகேல்லை," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியும் அக்கா. உண்மையை எழுதினா ஆர் இஞ்ச வந்து படுப்பினம்? ரோசா எண்டா வருவினம்."

முதல் விருந்தினர் வரவிருந்த நாள் காலையில் மலக்குழி பொங்கிவிட்டது. முற்றமெல்லாம் நாற்றம். பிரதேச சபையின் கழிவு உறிஞ்சும் பவுசர் வண்டி வந்தது. ஓட்டுநர் சிவகுரு, குழாய் பிடிக்கும் சுதேசன்.

கீர்த்திகன் வாசனைக் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னான். "அக்கா, அவையைப் பின்பக்கத்தால வரச் சொல்லுங்கோ. தேத்தண்ணியைப் பேப்பர் கோப்பையில குடுங்கோ. எங்கட கோப்பை பீரிசைத் தொட விடாதேங்கோ."

வேலை முடிந்து, சுதேசன் குனிந்து குழாயை வெளியே இழுத்தபோது அவன் கழுத்துக் கறுப்பு நூல் அறுந்தது. அதில் கோத்திருந்த வெள்ளித் தாயத்து குழிக்குள் விழுந்தது.

"உன்ர சாமிக்கும் துரை வீடுதான் பிடிச்சிருக்குப் போல," என்று சிவகுரு சிரித்தார்.

சுதேசன் சிரிக்கவில்லை. "அம்மா ஆசுப்பத்திரிக் கட்டில்ல கிடந்து கட்டிவிட்டது அண்ணை. இப்ப அவ இல்லை. கொஞ்ச நேரம் தாங்கோ, தேடிப் பாக்கிறன்."

"விளையாடுறீரே?" என்றான் கீர்த்திகன். "பின்னேரம் ஆக்கள் வருகினம். மூடும். நாளைக்கு மேசன் சீமெந்து பூசுவார். உப்பிடி ஒண்டு கடையில வாங்கலாம்தானே."

சுதேசன் இரும்பு அலவாங்கால் மூடியைத் தள்ளி மூடினான். தேநீர் ஆறிப்போய் ஆடை படர்ந்து கிடந்தது. அதைத் தொடாமலே போனான். அவன் மறந்துவிட்ட அலவாங்கு சின்னக் கதவோரம் சாத்தியபடி கிடந்தது. சபைச் சாமான், எப்படியும் எடுக்க வருவான்.

கீர்த்திகன் விருந்தினரை ஏற்றிவர வான் வண்டியில் யாழ்ப்பாணம் போனான். வீட்டில் ஜெனீற்றா மட்டும் நின்றாள். இந்த வேலை போனால் அவளுக்கு வேறு வேலை இல்லை. குழியைப் பார்த்தாள். குடிக்காத கோப்பையைப் பார்த்தாள். விறாந்தைச் சுவரில் அழகுக்கென்று கீர்த்திகன் மாட்டியிருந்த அத்தாங்கைக் கழற்றினாள். இறால் வடிக்கும் நீட்டுக் கம்பு வலை. அலவாங்கால் மூடியை நெம்பி நகர்த்தினாள்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. மதிலோரம் ஓடி வாந்தி எடுத்தாள். சேலைத் தலைப்பை மூக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து வலையை இறக்கினாள். கறுப்புச் சேறு வந்தது, புழு நெளிந்தது. மறுபடியும் ஓங்காளித்தாள். "அருள் நிறைந்த மரியே," என்று முணுமுணுத்தபடி திரும்பத் திரும்ப வடித்தாள். ஒருமுறை வலையில் ஏறிய சேற்றுக்குள் நூல் போல ஒன்று தெரிந்தது. குச்சியால் கிளறினால் நழுவும். கையை விட்டாள். விரல் நுனியில் சின்ன உருளையாக ஏதோ தட்டுப்பட்டது.

கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைக் கழுவினாள். தாயத்தின் மூடிப் புரியிடுக்கில் அழுக்கு நின்றது. ஓலை ஈர்க்கால் குத்தி எடுத்துத் திரும்பவும் கழுவினாள். வலையைக் கழுவி, பழையபடி சுவரில் மாட்டினாள். குழியை மூடினாள். குளித்தாள். தாயத்தைப் பூவரசம் இலையில் பொதிந்து சின்னக் கதவின் தாழ்ப்பாளில் கட்டினாள். அலவாங்கை நேர்கீழே சாத்திவைத்தாள்.

மறுநாள் காலை, விறாந்தையில் கீர்த்திகன் விருந்தினருக்கு ரோசாத் தோட்டத்தின் கதை சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பெண் அத்தாங்கைத் தடவிப் பார்த்து அழகாயிருக்கிறது என்றாள். ஜெனீற்றா குசினியில் புட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். எத்தனை தேசிக்காய்ப் புளி தேய்த்தும் நகக்கண்ணில் அந்த மணம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

வடக்குப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. அலவாங்கு கல்லில் உரசியது. பிறகு தாழ்ப்பாள் மெல்லக் கிறீச்சிட்டது.

அவள் எட்டிப் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிள் தூரமாய்ப் போய்ச் சத்தம் ஓய்ந்த பிறகுதான், உமி கொட்டுவதுபோல் பின்னால் போனாள். தாழ்ப்பாள் வெறுமையாக இருந்தது. இலையையும் அவன் கொண்டுபோயிருந்தான்.