நடுத்தெரு உரல்

வலது தோள்பட்டையில் யாரோ ஆணியை அடித்து இறக்கிவிட்டு, பிடுங்காமல் போய்விட்ட மாதிரி வலித்தது கங்கம்மாவுக்கு. காலை ஷிப்ட் முழுக்கக் கசடு சுமந்த தோள் அது. இரும்பை உருக்கும்போது மேலே மிதக்கிற கழிவு ஆறினால் கருங்கல்லாக இறுகிவிடும். அதை உடைத்து, சட்டியில் வாரி, தோளில் சும்மாடு வைத்து ஏற்றி, கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் கொட்டிவிட்டு வர வேண்டும். உலை ஆம்பிளைகளுக்கு, கசடு பொம்பிளைகளுக்கு. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்த நாளாக எழுதாத சட்டம் அதுதான்.

தண்டவாளத்தைத் தாண்டி மேட்டுக் காலனிக்குள் திரும்பியவளுக்கு முதலில் வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு கூழ் குடித்துவிட்டுச் சாய வேண்டும் என்பது தவிர வேறு நினைப்பில்லை. ஆனால் தெரு முழுக்கப் பெண்கள் நின்றார்கள். தெருவின் நடுவில், பல் போன வாய் மாதிரி, ஓர் இடம் காலியாகக் கிடந்தது.

உரலைக் காணோம்.

அது இருந்த குழியில் கம்பெனிக் கசட்டைக் கொட்டி மட்டம் பண்ணியிருந்தார்கள். உரல் சாக்கடை ஓரமாக ஒருக்களித்துக் கிடந்தது. அதன் பக்கத்தில், நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு கிரேஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு புடுங்கினது?" என்றாள் கங்கம்மா.

எதிர்வீட்டுக் கோவிந்தம்மாவின் வாய்க்கு வேலி கிடையாது. வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "உங்க ஊட்டுக்காரனப் போய்க் கேளு. கற்பூரம் ஏத்திக் கும்பிட்டுட்டுத்தான் கடப்பாறையப் போட்டானாம். மருவாத தெரிஞ்ச மனுசன்! மாலையப் போட்டுட்டு ஆட்ட அறுக்கறாப்பல."

கங்கம்மாவின் புருஷன் சின்னராசு வீட்டு வாசலில் குந்தியிருந்தான். கையில் ஒட்டிய செம்மண்ணைக்கூடக் கழுவவில்லை.

"யோவ், நெஜமா?"

"மேஸ்திரி கூப்ட்டாரு. கேங்குல நாலு பேரு போனோம். இன்னா வேலைன்னு சொல்லல. இங்க வந்து நின்னப்புறந்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்புறம்?"

அவன் தரையைப் பார்த்தான். "பர்மனென்ட் கேட் பாஸு வாங்கித் தரேன்னாரு. கம்பெனி பின்னால புதுசா கேட் தொறக்கறாங்க. லாரி நம்ம தெரு வழியாத்தான் வரணும். நடுவுல இது குந்திக்கினு இருந்தா எப்டி வரும்?"

"வராம போவட்டும்."

"அது வரலன்னா நம்ம வயித்துல மண்ணு. கல்லு சோறு போடுமா மே?"

"இத்தினி நாளா போட்டுக்கினுதானே இருந்துச்சு. நீ துன்ன சோறு எதுல குத்துனதுன்னு நெனச்ச?"

சின்னராசு கையில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினான்.

பேட்டைக்கு நிலம் எடுப்பதற்கு முன்னால் காலனி முழுக்கப் பண்ணை வேலைதான் செய்தது. கூலி நெல்லாகக் கிடைக்கும். அந்த நெல்லைக் குத்த ஒரு வீட்டிலும் உரல் கிடையாது. பண்ணையின் களத்து உரலில்தான் குத்த வேண்டும். குத்தினால் தவிடும் நொய்யும் பண்ணைக்கு. களம் கூட்டுகிற வேலையும் சும்மா செய்துவிட்டு வர வேண்டும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு அறுப்பு முடிந்ததும் காலனியே கூடிச் சத்தியவேடு பக்கத்து மலையடியில் ஒரு கல்தச்சனிடம் உரல் அடித்து வாங்கியது. வண்டி தர ஆள் இல்லை. மூங்கிலில் கட்டித் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வந்தார்கள். வந்த பிறகு எங்கே நடுவது என்று சண்டை. யார் வாசலில் வைத்தாலும் அது அந்த வீட்டு உரலாகிவிடும், அந்த வீட்டுக்காரி நாளைக்கு ஒரு பண்ணையாகிவிடுவாள். ஆகவே செல்லியம்மன் கோயிலுக்கும் ஓலைச் சர்ச்சுக்கும் இடையே, தெருவுக்கு நட்டநடுவில், எந்த வாசலுக்கும் நேரில்லாத இடம் பார்த்து நட்டார்கள்.

அதன் மேல் யாரும் உட்காருவதில்லை. அதற்கு வரிசை உண்டு, முன்னுரிமை கிடையாது. சாவு விழுந்த வீடும் பிள்ளை பெற்ற வீடும் உலக்கையைத் தொடக்கூடாது, அடுத்த வீடு குத்திப்போடும். அந்தக் கடனைக் காசாகவோ நெல்லாகவோ கொடுத்தால் அவமானம். குத்தியவள் வீட்டில் ஒரு சாவோ பிறப்போ வரும்போது கைக்குக் கை குத்தித்தான் தீர்க்க வேண்டும்.

போன மார்கழியில் கங்கம்மாவின் மாமியார் செத்தாள். கருமாதி வரைக்கும் பதினாறு நாளும் கிரேஸ்தான் குத்திப்போட்டாள். கிரேஸ் கழுத்தில் சிலுவை, செத்தவள் நெற்றியில் திருநீறு. உலக்கைக்கு அது தெரியாது. அப்போதிலிருந்து கிரேஸ் வீட்டில் நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை. இப்போதுதான் முதல் பிள்ளை வரப்போகிறது. பிள்ளை பெற்றவளுக்கு மருந்து இடிக்க வேண்டும், பத்தியச் சோற்றுக்குப் பழைய நெல் குத்த வேண்டும். அந்தப் பதினாறு நாள் கடனைத் தீர்க்கக் கங்கம்மா நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கிரேஸ் அண்ணாந்து பார்த்தாள். "உடு யக்கா. பஜார் மில்லுல குடுத்து அரச்சிக்கலாம்."

"மில்லு உன் ஊட்டுக்கு வந்து குத்துமா? கதவ சாத்திக்கினு நாமளே குத்திக்கலாம், நாமளே பெத்துக்கலாம், நாமளே பொணத்தத் தூக்கிக்கலாம். அதானே சொல்ற?"

அவள் சொன்னது கோபத்தில் வந்துவிட்டதே தவிர, சொன்ன பிறகுதான் அவளுக்கே விஷயம் முழுசாகப் பிடிபட்டது. இந்தத் தெருவில்தான் வெயில் காலத்தில் எல்லோரும் பாய் போட்டுத் தூங்குகிறார்கள். இங்கேதான் கருவாடு காய்கிறது, கல்யாணப் பந்தல் போடுகிறார்கள், ஆடிக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், கிறிஸ்துமசுக்கு நட்சத்திரம் கட்டுகிறார்கள். லாரி நுழைந்தால் தெரு ரோடாகிவிடும். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஜனம், இந்தப் பக்கத்து ஜனம் என்று காலனி இரண்டாகப் பிளந்துவிடும். கோவிந்தம்மாவிடம் நெருப்பு வாங்கப் போகிற பிள்ளை டயருக்குத் தப்பித்துப் போக வேண்டும்.

"கடப்பாறையக் குடு," என்றாள் சின்னராசுவிடம்.

"இன்னாமே பண்ணப்போற?"

"உன் வேலைய நான் திருப்பிச் செய்யப்போறேன்."

அவன் கொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. சுவரில் சாய்ந்திருந்ததை அவளே எடுத்தாள்.

கசட்டைக் கொட்டி இறுக்கிய இடம் லேசில் கொடுக்கவில்லை. கடப்பாறை விழுந்தால் பொறி பறந்தது. ஒவ்வொரு அடிக்கும் தோளில் இருந்த ஆணி இன்னும் கொஞ்சம் இறங்கியது. காலையில் எந்தக் கசட்டைச் சுமந்தாளோ அதே கசடு. கோவிந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "தள்ளு. நீ குத்தறத பாத்தா கம்பெனிக்கு வேலை செய்யறாப்பல கீது. ஊட்டு வேலைய இப்டியா செய்வாங்க?" பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் கையும் வந்தது. ஒருத்தி மண்வெட்டி எடுத்தாள், இரண்டு பேர் சட்டி கொண்டுவந்தார்கள். ஆம்பிளைகள் வாசல்களில் நின்று பார்த்தார்கள். தொட்டவன் பேரை மேஸ்திரி கூலிப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். பெண்களின் பேரையும் அடிப்பான் என்பதுதான் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

குழி முழங்கால் ஆழம் வந்தபோது தெருமுனையில் ஹாரன் கேட்டது. பழைய இரும்பு ஏற்றிய லாரி. அதற்கு முன்னால் சைக்கிளில் மேஸ்திரி சடையப்பன். பேட்டையில் பாதிக் காலனிக்குக் கூலி அவன் கையால்தான் போகிறது.

அவன் சத்தம் போடவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு, குழியைப் பார்த்தான், கங்கம்மாவைப் பார்த்தான்.

"இன்னா கங்கம்மா இது, பேஜாரு? ஒரு கல்லுக்காவ கம்பெனியோட மல்லுக்கட்டுவியா?"

"கம்பெனி எங்க தெருவுக்கு வந்துச்சு. நாங்க கம்பெனிக்குள்ள உரலு நடல."

"சரி, கேளு. உரலத் தூக்கி ஓரமா வெக்கறேன். ஓரமா இன்னா, உன் ஊட்டு வாசல்லயே நட்டுத் தரேன். சிமென்ட் போட்டுத் தரேன். நீயே வெச்சிக்கோ. எவ வந்து குத்தினாலும் உன்னக் கேட்டுட்டுக் குத்தட்டும்."

கோவிந்தம்மா கங்கம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷம் கங்கம்மாவுக்கும் அது இனித்தது, பொய் சொல்வானேன். தன் வாசலில், சிமென்ட் மேடையில், தன் உரல்.

"அப்டி இருந்த உரலு ஒண்ணு பண்ணைக் களத்துல இருந்துச்சு மேஸ்திரி," என்றாள். "அதுல குத்திக் குத்தித்தான் எங்க மாமியா இடுப்பு போச்சு. என் வாசல்ல வெச்சா அது என் கல்லு. நடுவுல இருந்தாத்தான் ஊருக் கல்லு."

"நாளைக்கு வேலைக்கு வராத."

"சரி."

"உன் புருசனுக்குப் பாஸும் கெடையாது. கேங்குலயும் பேரு இல்ல. அவனக் கேட்டுட்டுப் பேசு."

அவள் திரும்பிச் சின்னராசுவைப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்டால் அவன் வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. அந்தப் பாஸுக்காக அவன் எத்தனை பேர் காலைப் பிடித்தான் என்று அவளுக்குத் தெரியும். மழைநாளில் கேட் வாசலில் நனைந்துகொண்டு நின்றதும் தெரியும்.

சின்னராசு எழுந்தான். துண்டைத் தலையில் கட்டினான். வந்து, அவள் கையிலிருந்த கடப்பாறையை வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினான்.

"யோவ், யோசிச்சு செய்," என்றான் சடையப்பன்.

"புடுங்கறப்ப யோசிக்கல மேஸ்திரி. அதான் இப்ப யோசிக்கறேன்," என்றான் அவன், நிமிராமல். பிறகு கோவிந்தம்மாவிடம், "யக்கா, கற்பூரம் மிச்சம் கீது. திரும்ப நடறப்ப ஏத்தணுமா, வேணாமா?" என்றான்.

"வேணாண்டாப்பா, நீ கும்பிட்டாலே எங்களுக்குப் பயமா கீது!"

அதற்கப்புறம் வாசல்களில் நின்ற ஆம்பிளைகளால் நிற்க முடியவில்லை. ஒவ்வொருத்தனாக வந்தார்கள். இரண்டு உலக்கைகளை அடியில் கொடுத்து, கயிறு போட்டு, உரலைப் புரட்டிப் புரட்டிக் குழி விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். லாரி டிரைவர் ஆந்திர எல்லையில் தடா பக்கத்து ஆள். ஸ்டியரிங்கைக் குத்தினான். "எவ்ளோ நேரம்யா நிக்கறது? லோடுக்குத்தான் டப்பு குடுப்பாங்க நைனா, நிக்கறதுக்குக் குடுக்க மாட்டாங்க!" கடைசியில் இறங்கி வந்து பார்த்தான். உரல் குழிக்குள் 'தொம்' என்று இறங்கியதைக் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போய் ரிவர்ஸ் கியர் போட்டான். தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போனான். சடையப்பன் சைக்கிளை உருட்டிக்கொண்டு அதன் முன்னால் நடந்தான்.

சுற்றிலும் அதே கசட்டைப் போட்டு இறுக்கினார்கள். முன்னைவிட ஒரு சாண் கீழே, முன்னைவிடக் கெட்டியாக நின்றது உரல்.

சொன்ன மாதிரியே சடையப்பன் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பேரையும் அடித்துவிட்டான். சின்னராசு இப்போது மீஞ்சூரில் மூட்டை தூக்கப் போகிறான். கங்கம்மா எங்கும் போக முடியவில்லை, தோள் அன்றைக்கு விட்டதுதான், உயரவே மாட்டேன் என்கிறது. நொச்சி ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாயிற்று. கம்பெனி வேறு வழி தேடுகிறதாம், மறுபடி வருவார்களாம். வரட்டும் என்கிறது காலனி.

உரலைத் திரும்ப நட்ட அந்த வாரமே கிரேஸுக்குப் பெண் பிறந்தது. மருந்து இடிக்கக் கங்கம்மா உலக்கையை எடுத்தாள். மார்புக்கு மேல் கை போகவில்லை. இடது கையால் தூக்கிப் பார்த்தாள், உலக்கை உரலின் விளிம்பில் பட்டு நழுவியது. கோவிந்தம்மா வந்து பிடுங்கிக்கொண்டாள். "கையக் குத்திக்கினு பச்ச ஒடம்புக்காரி மருந்துல ரத்தத்தச் சிந்தாத. போ அந்தாண்ட."

உள்ளேயிருந்து கிரேஸ் குரல் கொடுத்தாள். "இருக்கட்டும் யக்கா. கை சரியாவட்டும். கல்லு எங்க போவப்போவுது?"

மருந்தும் பத்திய நெல்லும் கோவிந்தம்மா குத்திப்போட்டாள். அது கிரேஸுக்கும் கோவிந்தம்மாவுக்கும் உள்ள கணக்கு. மாமியார் சாவுக்குக் கிரேஸ் குத்திப்போட்ட பதினாறு நாள் நெல்லுக்கு, கங்கம்மா இன்னும் ஒரு குத்துகூடத் திருப்பிக் குத்தவில்லை.