பாய் கடைக் கத்திரிக்காய்

மண்ணூரில் லூர்தம்மாளின் நாக்கைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. தயிர்ச் சோற்றில் வறுத்த சென்னாக்கூனி இறாலைப் பொடித்துத் தூவித் தின்பாள். பருப்பை இறக்கும்போது இரண்டு எலுமிச்சை இலையைக் கிள்ளிப் போட்டு மூடி வைப்பாள். கருவாட்டுக் குழம்பில் சுட்ட பலாக்கொட்டையைப் போட்டபோது, “இதெல்லாம் ஒரு சேர்க்கையா?” என்று முகத்தைச் சுளித்த பக்கத்து வீட்டுச் செங்கமலம், மறுநாள் கிண்ணத்தோடு வந்து வாசலில் நின்றாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் போண்டா வாங்குவதானால் முதல் ஈட்டைத் தொடாதே, எண்ணெய் பழகின பிறகு வாங்கு என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் யேசுராஜ். மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் லாரி ஓட்டுகிறவன். வாலாஜா, ஆம்பூர், கிருஷ்ணகிரி என்று வழியில் உள்ள அத்தனை ஓட்டல்களிலும் கை நனைத்தவன். ஆனால் திரும்பி வந்ததும் “இன்னா துன்னே? எப்படி இருந்துச்சு?” என்று இவள் ஆசையாகக் கேட்டால், “சோறுதான். நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விடுவான். லூர்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கடவுள் ஊர் சுற்றும் காலை ஒருத்தருக்கும் நாக்கை இன்னொருத்தருக்கும் கொடுத்துவிட்டாரே என்று செங்கமலத்திடம் புலம்புவாள்.

எமர்ஜென்சி வந்த வருஷம், அந்த யேசுராஜே ஒரு நாள் தானாக வாயைத் திறந்தான்.

“சுங்குவார்சத்திரம் தாண்டி புளியமரத்தாண்ட புச்சா ஒரு பாய் கடை போட்டுகிறாரு. பிரியாணிக்குத் தொட்டுக்க ஒரு கத்திரிக்கா வெக்கிறாரு பாரு... அந்த மாதிரி நான் எங்கியும் துன்னதில்லமே.”

லூர்தம்மாள் கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்தாள். இந்த மனிதன் ஒரு பண்டத்தைப் பற்றி இத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை.

“எந்த மாதிரி? புளிப்பா?”

“புளிப்புதான்.”

“காரமா?”

“காரமும் கீது. கொஞ்சம் இனிப்பாக்கூட கீது.”

“தேங்கா அரைச்சு ஊத்திகிறாங்களா? வேர்க்கடலையா? இன்னா கலரு?”

யேசுராஜ் நெடுநேரம் யோசித்தான். “கத்திரிக்கா கலரு” என்றான்.

அன்று ஆரம்பித்தது வினை. முதலில் புளியும் வெல்லமும் போட்டுச் செய்தாள். எதிரில் உட்கார்ந்து, அவன் வாயில் வைக்கும் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “இல்லமே. இது வேற” என்றான். அடுத்த நடை முடிந்து அவன் வந்தபோது வேர்க்கடலையும் எள்ளும் வறுத்து அரைத்து, பிஞ்சுக் கத்திரிக்காயைக் காம்போடு நாலாகக் கீறி, எண்ணெயில் முக்கால் வேக்காடு வதக்கி, புளியில் போட்டு எண்ணெய் பிரியும்வரை கிடக்கவிட்டாள். கடைசியில் சுண்டைக்காய் அளவு வெல்லம். தானே தொட்டு நக்கிப் பார்த்தபோது அவளுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. யேசுராஜ் மென்றான், முழுங்கினான், தலையை ஆட்டினான்.

“கிட்ட வருது. ஆனா அது இல்ல.”

“எது இல்ல? இன்னா கொறையுது, சொல்லு!”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்? அங்க வேற மாதிரி கீது.”

புளிக்குப் பதில் மாங்காய் போட்டாள். தயிர் ஊற்றினாள். சோம்பு தாளித்தாள், சோம்பை நிறுத்தினாள். எல்லாவற்றுக்கும் அதே பதில். ‘இல்ல’ என்று சொல்லத் தெரிந்தவனுக்கு ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. கத்திரிக்காய் தின்று தின்று அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது.

கடைசியில் ஒரு தூக்குவாளியைக் கழுவித் துடைத்து லாரியில் வைத்து, “இதுல வாங்கியாந்துடு. நானே துன்னு பாத்துக்கறேன்” என்றாள். மூன்று நாள் கழித்துத் தூக்கு திரும்பி வந்தது. காலியாக.

“வாங்கினேன். வழில டயர் வெடிச்சு ரொம்ப நேரம் நின்னுட்டோம். பசிச்சுது” என்றான் யேசுராஜ். அடுத்த முறை மறக்காமல் கொண்டுவந்தான். இன்ஜின் பக்கத்திலேயே வைத்திருந்ததில் சூடேறி, மூடியைத் திறந்ததும் நுரைத்துக்கொண்டு நாற்றம் அடித்தது. லூர்தம்மாள் அதைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்து, அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

“அப்பிடி இன்னாக்கா அந்தக் கத்திரிக்காயில கீது? விட்டுத் தொலையேன்” என்றாள் செங்கமலம்.

“பன்னெண்டு மைல்ல கீதுடி கடை. பன்னெண்டே மைலு! நான் ஆம்பளையா இருந்தா சைக்கிள்ல போய்த் துன்னுட்டு வந்திருப்பேன்.”

சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு அவளையே குத்தியது. மறுநாள் காலை யேசுராஜ் வண்டி எடுத்துக்கொண்டு போனதும் பூப்போட்ட வாயில் புடவையைக் கட்டிக்கொண்டு, தூக்கையும் எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. தென்னங்கீற்றுப் பந்தல், நாலு மேஜை, வெளியே வரிசையாக லாரிகள். இவள் உள்ளே நுழைந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பரிமாறுகிறவன் ஓடிவந்தான்.

“இன்னாம்மா வோணும்? லேடீஸ் இங்க உக்கார மாட்டாங்க. பார்சல் கட்டித் தரேன், எடுத்துக்கினு போ.”

“பார்சல் அப்பறம் கட்டு. நான் சூடா துன்னத்தான் வந்தேன்.”

“அதுக்கில்லம்மா...”

“துட்டு குடுத்துத்தானய்யா துன்னப் போறேன்? எல போடு.”

கல்லாவிலிருந்த பாய் எட்டிப் பார்த்து, “அடுப்பாண்ட பெஞ்சு கீதும்மா, அங்க உக்காரு. இவனுங்க பார்வை அங்க வராது” என்றார். புகையில் கண் எரிய, சுவரைப் பார்த்துக்கொண்டு லூர்தம்மாள் உட்கார்ந்தாள். இலை வந்தது. பிரியாணி வந்தது. ஓரமாக, எண்ணெய் மினுக்க, காம்போடு இரண்டு பிஞ்சுக் கத்திரிக்காய்.

தொட்டு வாயில் வைத்தாள்.

வேர்க்கடலை. எள். புளி. கடைசியில் தெரிந்தும் தெரியாமலும் வெல்லம். அவள் இரண்டாவது முறை செய்தாளே, அதுவேதான். காரம்கூட மாறவில்லை. நம்ப முடியாமல் இன்னொரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். சந்தேகமே இல்லை. தேடியது கிடைத்துவிட்டது என்று மனசு குளிர்ந்திருக்க வேண்டும். வயிற்றிலிருந்து கோபம்தான் ஏறி வந்தது. கிடைத்த பிறகு எத்தனை வாரம் அலைந்திருக்கிறாள்!

“இன்னாம்மா, நல்லா இல்லியா?” என்றார் பாய், இவள் முகத்தைப் பார்த்து.

“நல்லாத்தான் கீது பாய். அதான் வயிறு எரியுது. தூக்குல கொஞ்சம் போட்டுக் குடு.”

யேசுராஜ் அன்று மெட்ராஸில் சரக்கை இறக்கிவிட்டுச் சாயங்காலமே வந்துவிட்டான். லூர்தம்மாள் சோறு வடித்து, தூக்கிலிருந்ததைத் தன் சட்டியில் மாற்றிச் சூடு பண்ணி, ஒன்றும் சொல்லாமல் பரிமாறினாள். வழக்கம்போல எதிரில் உட்கார்ந்தாள். அவன் மென்றான். முழுங்கினான்.

“பரவால்ல. ஆனா அந்த ருசி வரலமே.”

“யோவ்!” லூர்தம்மாள் போட்ட சத்தத்தில் கூரைமேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது. “அது பாய் கடைதுய்யா! நானே போய் உக்காந்து துன்னுட்டு வாங்கியாந்தேன். அவரு சட்டியிலேருந்து வந்தது. இதுலயும் ருசி வரலியா உனக்கு?”

யேசுராஜ் சட்டியைப் பார்த்தான், இவளைப் பார்த்தான். “நீ அங்க போனியா? தனியா?” என்றான்.

“அத வுடு. ருசி ஏன் வரலன்னு சொல்லு.”

அவன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டான். அடித்துப் பேசுகிற ஆளில்லை; மெதுவாகத்தான் சொன்னான். “அங்க துன்னும்போது யாரும் எதிர்ல குந்திக்கினு என் மூஞ்சியவே பாக்க மாட்டாங்க லூர்து. இங்க ஒவ்வொரு வாய்க்கும் பரீட்ச எழுதற மாதிரி கீது. எங்கேருந்து ருசி வரும்?”

அது பொய்யில்லை என்று லூர்தம்மாளுக்கே தெரிந்தது. அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

“நெனச்சப்பல்லாம் நானே போய்த் துன்ன முடிஞ்சா உன் மூஞ்சிய எதுக்குய்யா பாக்கறேன்? எனக்குன்னு வெளிய இருக்கற நாக்கு உன்னுது ஒண்ணுதான். அதுவும் இப்பிடி மரக்கட்டையா கீது.”

அவள் அவன் தட்டில் மிச்சமிருந்த கத்திரிக்காயை எடுத்து, அவன் பார்க்கப் பார்க்கத் தானே தின்று முடித்தாள். ஆறிப்போயிருந்தும் நன்றாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் அவன் நடை முடிந்து வந்தால் அவள் எதுவும் கேட்பதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். அவன்தான் ஒரு நாள், “ராணிப்பேட்டைல ஒரு மீன் கொழம்பு...” என்று தொடங்கி, அவள் திரும்பாததைக் கண்டு நிறுத்திக்கொண்டான். மீதியைக் கேட்க அவளுக்கு நாக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் புடவையோடு அப்படியே ரோட்டுக்கு வந்து, மேற்கே போகிற பஸ்ஸை நிறுத்தினாள். செங்கமலம் கூட வருவதாகச் சொல்லியிருந்தாள். மாமியாருக்குத் தெரிந்தால் வம்பு என்று கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டாள்.

“எங்கம்மா?” என்றார் கண்டக்டர்.

“ராணிப்பேட்டைல மீன் கொழம்பு எந்தக் கடைல நல்லா இருக்கும்?”

கண்டக்டர் கம்பியில் சாய்ந்துகொண்டு உற்சாகமாக ஆரம்பித்தார். “மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு நாயுடு மெஸ் கீதும்மா. வெரால் மீனு, வெந்தயம் தூக்கலா, மாங்கா போட்டு... ஆனா ஞாயித்துக்கெழம அவன் கடை தொறக்க மாட்டானே.”

லூர்தம்மாள் அவரை முறைத்தாள். வீட்டு வேலையை விட்டுவிட்டு மற்ற நாளில் இவ்வளவு தூரம் போக முடியுமா? வெளியே இருங்காட்டுக்கோட்டை ஏரிக்கரை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

“சரி, தொறந்திருக்கற கடையா ஒண்ணு சொல்லு” என்றாள்.