மலையேறாத சாமி

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த ஜென் தியானக்கூடம். சந்திரகலா தன் முறைக்காக உள்ளறை வாசலில் காத்திருந்தாள். வாரம் ஒருமுறை, அங்கே தியானம் சொல்லிக்கொடுக்கும் முகுந்தன் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவான், தியானத்தில் என்ன நடந்தது என்று கேட்பான். அவளைவிட எட்டு வயது இளையவன், ஜப்பானில் ஒரு மடத்தில் பயிற்சி பெற்று வந்தவன். போன வாரம் வரை அவனிடம் போவதென்றால் அவளுக்கு ஆசையாக இருக்கும். இன்று திரும்பிப் போய்விடலாமா என்று படிக்கட்டைப் பார்த்தாள்.

வழக்கப்படி மணியைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

"என்னக்கா முகமே சரியில்ல? பெட்டாலிங் ஜெயாவிலேர்ந்து வர்றதுக்குள்ள ரோட்டு ஜாம் உயிரை எடுத்துடுச்சா?"

அவள் சிரிக்கவில்லை. "மறுபடியும் வந்துச்சு, தம்பி."

மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் சற்று நேரத்தில் அவளுடைய வலது தோள் துடிக்கும். துடிப்பு முதுகில் இறங்கும். போன வாரம் இதைச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. "நல்ல அடையாளம்க்கா. உள்ள இறுகிக் கெடந்ததெல்லாம் அவிழுது. விட்டுடாதீங்க," என்றான். வெள்ளிக்கிழமை தொடங்கும் மூன்று நாள் அமர்வில் அவளையும் சேர்த்துக்கொண்டான்.

"இந்தத் தடவை உடம்பு மட்டும் இல்ல. குரல் கேட்டுச்சு. நேத்து ஆபீஸ் லிப்ட்லயும் கேட்டுச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடுது. அவ்வளவுதான்."

அவன் பேச வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டாள். சேரும்போது மறைத்ததைச் சொன்னால் அனுப்பிவிடுவான். கணவர் இறந்தபிறகு அவளைத் தூங்க வைத்தது இந்தத் தியானம் ஒன்றுதான். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சேர்றப்ப, குடும்பத்துல யாருக்காச்சும் மனநோய் இருந்துச்சான்னு கேட்டீங்க. இல்லைன்னேன். பொய்."

அவள் நிறுத்தாமல் சொன்னாள்.

"கிள்ளான்ல எங்க கம்பத்துல, அந்தச் சின்ன ஊர்க் கோயில்ல அம்மா சாமி ஆடுவாங்க. ஆடி முடிச்சதும் சாமி மலையேறிடும். அம்மா தண்ணி கேப்பாங்க, வீட்டுக்கு வந்து சோறாக்குவாங்க. ஒரு வருஷம் மலையேறவே இல்ல. வீட்லயும் ஆடினாங்க. தூக்கமே கிடையாது. அக்கம்பக்கமெல்லாம் வந்து கால்ல விழுந்து குறி கேட்டாங்க. ஆத்தா முழுசா எறங்கியிருக்கா, நல்ல அடையாளம்னாங்க. அப்பாவும் நம்பினாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப அம்மாவுக்கு என்னை யாருன்னே தெரியல. கடைசி வரைக்கும் தெரியல."

கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அவங்களுக்கும் மொதல்ல தோள்தான் துடிச்சுது, தம்பி."

முகுந்தனின் மௌனங்கள் அவளுக்குப் பழக்கம். அவற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இளைப்பாறலாம். இது அப்படியில்லை. மடியில் எப்போதும் கோத்து வைத்திருக்கும் கைகள் பிரிந்து கிடந்தன. அவன் பயந்துபோயிருந்தான். பதில் தெரிந்தவன் எதிரில் இருக்கிறான் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தாள். அந்த இடத்தில் தன்னைப் போலவே ஒருவன் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உள்ளங்கால் சில்லிட்டது.

"எனக்கு இது தெரியாதுக்கா," என்றான். "தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

"வெள்ளிக்கிழமை வரலாமா?"

"வேணாம்."

"வீட்ல கொஞ்ச நேரம் மட்டும்?"

"வேணாம்க்கா. எங்கயும் தியானத்துல உட்காராதீங்க."

"அப்ப என்னை அனுப்பிடறீங்க."

"உட்காரத்தான் வேணாம்னேன். வராதீங்கன்னா சொன்னேன்? நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம் லா. நானும் வரேன்."

அவள் தலையாட்டினாள். அந்த நேரம் பார்த்து, சந்திரகலா என்று, பக்கத்தில் இருந்து கூப்பிடுவது போலத் தெளிவாகக் கேட்டது. முகுந்தனின் உதடுகளைப் பார்த்தாள். அவை அசையவில்லை.

"இப்பவும் கூப்பிடுது," என்றாள்.

அவன் எழுந்து கார் சாவியைத் தேடினான்.

"நாளைக்கு இல்லக்கா. இப்பவே போவோம், எழுந்திருங்க."